உடைந்த கோரைப்பல்

வேலை முடிந்ததும் மை அக்கா பிரஷ் கழுவும் கண்ணாடிக் குவளையை இரண்டு முறை அலசுவார். முதல் முறை கறுப்புத் தண்ணீரை சிங்க்கில் கொட்டிவிட்டு, விரலை உள்ளே விட்டு ஓரமெல்லாம் தேய்ப்பார். இரண்டாம் முறை அலசிய பிறகு குவளையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். எங்காவது மயிரிழை அளவு கறுப்பு தெரிந்தால் மூன்றாவது முறையும் உண்டு. அப்புறம் குடிதண்ணீர்க் குழாயில் குவளை நிறையப் பிடித்துக்கொண்டு, அது தளும்பாமல், பின்பக்கப் படிக்கட்டில் இறங்குவார். படிக்கட்டு முடிகிற இடத்தில் சிமெண்ட் பெயர்ந்து ஒரு முழம் மண் தெரியும். அங்கே குந்தி உட்கார்ந்து தண்ணீரை நூல் மாதிரி ஊற்றுவார். மண் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து மறுபடி ஊற்றுவார். அப்போது அவருடைய உதடு அசையும். காலிக் குவளையைக் கவிழ்த்துக் கையில் பிடித்தபடி மேலே வந்து, பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிடுவார்.

அந்த ஒரு முழ மண்ணில் பெயர் தெரியாத செடி ஒன்று இருந்தது. அதற்குத்தான் ஊற்றுகிறார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். செடி முதலில் வந்ததா, தண்ணீர் முதலில் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

"உதடு அசையுதே, செடியோடவா பேசுறாங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஆசிரியரைத் திட்டுறாங்க" என்றார் பென்சில். "மேல வச்சுத் திட்ட முடியாததைக் கீழ போய்த் திட்டுறாங்க. முன்னெல்லாம் இந்தப் பழக்கம் கிடையாது. சிங்க்கில கொட்டிட்டுப் போய்கிட்டே இருப்பாங்க. நானும் ஒருநாள் போய்த் திட்டலாம்னு இருக்கேன்."

பென்சில் என்பது எங்கள் ஓவியருக்கு அலுவலகம் வைத்த பெயர். சைக்கிள் உதிரிபாகக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், மூன்று ஜன்னல் உள்ள நீளமான ஒரே அறையில் நான்கு பேர் வேலை செய்தோம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சித்திரக்கதை இதழ் வரும். கதையை ஆசிரியர் எழுதுவார். பென்சில் பென்சிலில் வரைவார். அதன்மேல் மை ஏற்றுவது அக்கா. பேச்சுக் குமிழிகளுக்குள் எழுத்தை எழுதுவது நான். வாசகர் கடிதங்களைப் பிரித்து அடுக்குவதும் அக்காவின் வேலைதான். என்னை ஆசிரியர், பென்சில், கீழே சைக்கிள் கடைக்காரர் எல்லோரும் தம்பி என்பார்கள். அக்கா மட்டும் "எழுத்து" என்று கூப்பிடுவார். "எழுத்து, இந்தக் கட்டத்துல இடம் பத்துமா பாருங்க." வாய் தவறிக்கூட ஒரு முறையும் அவர் என்னைத் தம்பி என்று சொன்னதில்லை.

எங்கள் இதழில் ஓடிய தொடர், பழைய சுமேரியாவில் நடக்கும் ரத்தக்காட்டேரிக் கதை. களிமண் நகரம். இரண்டு ஆறுகள். வானத்துக்குப் படி வைத்த மாதிரி ஒரு கோயில் கோபுரம். நாணல் குச்சியால் ஈரக் களிமண்ணில் எழுதும் மனிதர்கள். அவர்களுக்கு நடுவே செங்கல் அறுக்கும் கூலிக்காரன் ஒருவன் சொந்த ஊரை விட்டு வந்து வேலை செய்கிறான், வெள்ளத்தில் செத்துப்போகிறான். செத்தவர்கள் பூமிக்கு அடியில் இருட்டில் புழுதியைத் தின்றுகொண்டு கிடப்பார்கள் என்பது அந்த ஊர் நம்பிக்கை. மேலே உயிரோடு இருக்கிற சொந்தக்காரர் யாராவது பெயரைச் சொல்லித் தண்ணீர் ஊற்றினால்தான் அவர்களுக்குக் குடிக்கக் கிடைக்கும். இவன் செத்தது இவன் வீட்டுக்குத் தெரியாது. ஊற்ற ஆளில்லை. தாகம் பொறுக்க முடியாமல் மேலே ஏறி வருகிறான். தண்ணீர் அவன் உதட்டில் பட்டால் புழுதியாகிவிடுகிறது. ரத்தம் மட்டும்தான் இறங்குகிறது. குடித்தாலும் தாகம் போவதில்லை.

நான் வேலையில் சேர்ந்தபோது இருபது இதழ் வந்திருந்தது. முதல் நாளே ஆசிரியர் பழைய இதழ்களை என் முன்னால் தள்ளி, "படிச்சுட்டு சொல்லு தம்பி" என்றார். படித்துவிட்டு, வௌவால் எங்கே சார் என்று கேட்டேன்.

"வௌவால், கறுப்புக் கோட்டு, கோட்டை, ஒண்ணும் கிடையாது. இவன் சித்தாள். சித்தாளுக்கு எதுக்குக் கோட்டு?"

"அவன் கண்ணாடியில தெரிய மாட்டான்னு ஒரு கட்டம் வரைஞ்சு குடுத்தேன்" என்றார் பென்சில் தன் மேசையிலிருந்து. "அந்த ஊர்ல ஏதுய்யா நிலைக்கண்ணாடின்னு கிழிச்சுப் போட்டார். பானைத் தண்ணியில தெரியலைன்னு மாத்தி வரைஞ்சேன். ஒரு பானைக்கு மூணு நாள்."

அக்கா சிரிக்கவில்லை. அவர் பிரஷ் நுனியை உதட்டில் வைத்து முறுக்கிக் கூராக்கிக்கொண்டிருந்தார். அவருடைய கீழுதட்டில் எப்போதும் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும்.

அந்தக் காட்டேரிக்கு இடப்பக்கக் கோரைப்பல் பாதி உடைந்திருக்கும். வாசகர்களுக்கு அவனைப் பிடித்துப்போனதற்கு அந்தப் பல்தான் காரணம். அது ஆசிரியர் எழுதியதல்ல, பென்சில் வரைந்ததும் அல்ல. முதல் எட்டு இதழில் இரண்டு பல்லும் முழுசாக இருக்கின்றன. ஒன்பதாவது இதழில் அக்கா மை ஏற்றும்போது உடைத்துவிட்டார். பென்சிலுக்குப் பொல்லாத கோபம். "நான் வரைஞ்ச பல்லை உடைக்க இவங்க யாரு, பல் டாக்டரா?" என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தாராம். இதழ் வெளிவந்து கடிதங்கள் குவிந்ததும் பத்தாவது இதழிலிருந்து அவரே உடைத்துவிட்டு வரைய ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பல் யாருடையது என்பது அலுவலகத்துக்குத் தெரியும். அக்காவுக்கு ஒரு தம்பி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பந்தயம் கட்டி சோடா பாட்டில் மூடியைப் பல்லால் திறந்து உடைத்துக்கொண்ட பல். பத்தொன்பது வயதில், பரீட்சையில் மூன்றாவது முறையாகத் தோற்ற அன்றைக்கு, அம்மா ஏதோ சொல்ல, செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே போனவன் திரும்பி வரவில்லை. அக்கா இதை ஒரே மூச்சில் என்னிடம் சொல்லவில்லை. ஒரு கோபுரத்துக்கு மை ஏற்றும்போது கொஞ்சம், ஆற்று அலைகளுக்கு ஏற்றும்போது கொஞ்சம். கை நிற்காது. கோடு நடுங்காது. பேச்சு மட்டும் நிற்கும், அடுத்த பக்கத்தில் தொடரும்.

"அவனுக்குச் சித்திரக்கதைன்னா உயிர்" என்றார் ஒரு தடவை. "எங்க இருந்தாலும் வாங்கிப் படிப்பான்."

"பல்லைப் பார்த்தா தெரிஞ்சுக்குவார்ல அக்கா? பின்னட்டையில நம்ம விலாசம் இருக்கே."

"அம்மாவும் அதைத்தான் சொல்றாங்க" என்றார். பிறகு அன்றைக்கு வந்த கடிதங்களைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக ஓரம் வெட்டிப் பிரித்தார். அவர் கடிதம் பிரிக்கும்போது பென்சில்கூட வேடிக்கை பேசமாட்டார். அவர் எந்தக் கையெழுத்தைத் தேடுகிறார் என்று எங்களுக்குத் தெரியும் என்று நாங்கள் நினைத்தோம்.

ஒரு முறை அக்காவுக்குக் காய்ச்சல். புது இதழையும் மை ஏற்றவேண்டிய பக்கங்களையும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். இரண்டு அறை. உள்ளறையில் அக்கா போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். முன்னறையில் நாற்காலியில் இருந்த அம்மா கையை நீட்டினார். என் கையைப் பிடித்து வரவேற்கத்தான் நீட்டுகிறார் என்று நினைத்து நானும் கையை நீட்டினேன்.

"புத்தகத்தைக் குடுப்பா."

கண் ஆபரேஷன் செய்தவர். மடியில் தயாராக ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தார். பக்கங்களை வேகமாகத் தள்ளினார். அரசன், பூசாரி, கழுதை வண்டி எல்லாம் போயின. காட்டேரி வாயைத் திறக்கும் கட்டம் வந்ததும் கண்ணாடியை வைத்து, மூக்கு தாளில் படும் அளவு குனிந்தார்.

"இருக்கு" என்றார். முதுகை நாற்காலியில் சாய்த்துக்கொண்டார். "இந்தத் தடவையும் பிழைச்சுட்டான். நீதான் எழுத்து எழுதற பிள்ளையா?"

"ஆமாம்மா."

"அழகா இருக்கு. ஆனா நான் படிக்கிறதில்ல. படம் மட்டும்தான்." குரலைத் தாழ்த்தினார். "கண்ணு முன்னாடி நிக்காதேன்னு நான்தான் சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன், ஒழுங்கா கேட்டுட்டான். அதுக்கு முன்னாடி எதையும் ஒரு தடவையில கேட்டதே இல்ல." சிரிக்கப் பார்த்தார். "இதுல இவன் இருக்கிற வரைக்கும் எங்கேயோ அவனும் இருக்கான்னு வச்சிருக்கேன். பைத்தியக்காரத்தனம்தான். உங்க ஆசிரியர்கிட்ட சொல்லு. எத்தனை பேர் ரத்தத்தை வேணாலும் குடிக்கட்டும். அவனை ஒண்ணும் பண்ணிட வேணாம்."

உள்ளறையில் அக்கா இருமினார். தூங்கவில்லை என்று தெரிந்தது.

நாற்பதாவது இதழ் அச்சுக்குப் போன அன்று ஆசிரியர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். முக்கியமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அப்படித்தான் உட்காருவார். "நாற்பத்திரண்டோட முடிச்சுடலாம். முதலாளி விண்வெளிக் கதை கேட்கிறார். எனக்கும் போதும். ரெண்டு வருஷமா ஒருத்தனைத் தாகத்தோட அலைய விட்டாச்சு."

"எப்படி சார் முடியுது?" என்றார் பென்சில்.

"குயவர் வீட்டுப் பொண்ணு ஒருத்தி. அவன் யாருன்னே தெரியாது. அவன் அறுத்த செங்கல்ல அவன் பேர் இருக்கு. அதைப் படிச்சு, பேரைச் சொல்லித் தண்ணி ஊத்துறா. முதல் தடவையா தண்ணி அவன் தொண்டையில இறங்குது. படுக்கிறான். மண்ணா ஆயிடுறான். கடைசிக் கட்டம் முகம் மட்டும், வாய் லேசா திறந்து, அந்த உடைஞ்ச பல். அவ்வளவுதான்."

நல்ல முடிவு. அது நல்ல முடிவாக இருந்ததுதான் தொந்தரவு.

"தண்ணி குடுங்க சார்" என்றார் அக்கா. "சாகடிக்காதீங்க."

"அவன் செத்தவன்தானேம்மா! செத்தவனை நான் எங்கே போய்ச் சாகடிக்கிறது?"

பென்சில் சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

"படகுல ஏத்தி அனுப்பிடுங்க. ரெண்டு ஆறு இருக்குல்ல? ஏதாவது ஒண்ணுல போகட்டும்."

"போய்?"

"போய்க்கிட்டே இருக்கட்டும் சார். எங்கம்மா பார்க்கிறாங்க."

ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அக்காவின் தம்பி கதை அவருக்கும் தெரியும். "உங்கம்மாவுக்காக மாத்தினா நாளைக்கு எல்லார் அம்மாவுக்கும் மாத்தணும். இந்தக் கதையை ஆரம்பிக்கும்போதே அந்தத் தண்ணியை நினைச்சுத்தாம்மா ஆரம்பிச்சேன். அவனுக்கு அதைக் குடுக்காம விட்டா நானும் புழுதி தின்னவேண்டியதுதான்."

அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. அன்றைக்கும் குவளையை இரண்டு முறை அலசினார், படியிறங்கினார்.

நாற்பத்திரண்டாம் இதழின் கடைசிப் பக்கத்தைப் பென்சில் உயிரைக் கொடுத்து வரைந்திருந்தார். முக்கால் பக்கத்துக்கு ஒரே முகம். அது அக்காவின் மேசையில் மூன்று நாள் கவிழ்ந்து கிடந்தது. மற்ற பக்கங்கள் எல்லாம் மை காய்ந்து என்னிடம் வந்துவிட்டன. நான்காம் நாள் மதியம் எல்லோரும் சாப்பிடக் கீழே போனபோது, நான் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டதால் மேலே திரும்பினேன். அக்கா அந்தப் பக்கத்துக்கு மை ஏற்றிக்கொண்டிருந்தார். மைப்புட்டியில் சாய்த்து ஒரு சின்ன முகம்பார்க்கும் கண்ணாடி. அதில் தன் வாயைத் திறந்து, மேலுதட்டை ஒரு விரலால் தூக்கிப் பார்ப்பார், பிரஷால் ஒரு கோடு இழுப்பார், மறுபடி பார்ப்பார். ஓவியர்கள் செய்வதுதான். கை வரையவேண்டுமென்றால் பென்சிலும் தன் கையைப் பார்ப்பார். ஆனால் அக்காவின் பற்கள் எல்லாம் முழுசு.

"பார்த்தீங்களா எழுத்து?" என்றார், திரும்பாமல்.

"இல்லக்கா."

"பார்க்கலைன்னா சரி."

சாயங்காலம் அந்தப் பக்கம் என் மேசைக்கு வந்தது. அதில் நான் எழுதவேண்டியது குயவர் மகள் சொல்லும் ஒரே ஒரு வரி. எழுதி முடித்து, எல்லாப் பக்கத்தையும் ஒரு முறை சரிபார்த்து, கீழே கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. முகத்தைப் பார்த்தேன். இடப்பக்கக் கோரைப்பல் நுனி வரைக்கும் இருந்தது. பென்சிலின் உடைந்த பல் கோடு அடியில் இருந்த இடம் ரப்பரால் அழித்துப் பளபளத்தது. கன்னத்து நிழலை அக்கா கொஞ்சம் மாற்றியிருந்தார், புருவத்தையும். பார்த்தால் அவன் மாதிரியே இருக்கும். உற்றுப் பார்த்தால் இருக்காது. நான் கையெழுத்துப் போட்டேன்.

இதழ் வெளிவந்து ஐந்தாம் நாள் கடிதங்கள் வரத் தொடங்கின. ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதத்தோடு அக்காவின் மேசை முன்னால் வந்து நின்றார்.

"முப்பத்துமூணு இதழா உடைஞ்ச பல்லு. சாகும்போது முளைச்சுடுச்சா?"

"கை தவறிடுச்சு சார்."

"உங்க கையா? பதினாறு வருஷத்துல ஒரு செங்கல்லை விட்டிருக்கீங்களா? ஒருத்தன் எழுதியிருக்கான் பாருங்க. 'செத்தது அவனில்லை, வேறு எவனையோ படுக்க வைத்து ஏமாற்றுகிறீர்கள்.' இன்னொருத்தன் அடுத்த பாகம் எப்போன்னு கேட்கிறான். அந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தானே ரெண்டு வருஷம் எழுதினேன்?" என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயாவது பார்க்க வேணாமா?"

"கவனிக்கலை சார்" என்றேன்.

பென்சில் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய ஓவியம்தான் பாழாகியிருந்தது. தன் மேசைக்குப் போய்ப் பென்சிலைச் சீவத் தொடங்கினார்.

அடுத்த இதழில் வாசகர் பக்கத்தின் அடியில் திருத்தம் வந்தது: கடைசிப் பக்கத்தில் மைப் பணியில் தவறு நேர்ந்தது, இறந்தது அவனேதான். அதை எழுதியதும் என் கைதான். அந்த இதழ் மட்டும் அக்காவின் வீட்டுக்குப் போகவில்லை.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கண்ணாடியை வச்சு ரொம்ப நேரம் பார்த்தாங்க. 'இது வேற எவனோடி. நம்ம ஆளு தப்பிச்சுட்டான்'னாங்க. அன்னைக்கு ரெண்டு வாய் கூடுதலா சாப்பிட்டாங்க." இதைச் சொல்லும்போது அவர் ஒரு விண்கலத்துக்கு மை ஏற்றிக்கொண்டிருந்தார். விண்கலம் எங்களில் யாருக்கும் பிடிக்கவில்லை.

ஆசிரியர் அதற்குப் பிறகு அக்காவிடம் வேலையைத் தவிர வேறு பேசவில்லை. பக்கங்கள் இப்போது அவர் மேசை வழியாகத்தான் அச்சுக்குப் போயின. அக்கா மேலும் ஒரு வருஷம் இருந்தார். பிறகு பாடப்புத்தகம் போடும் ஓர் இடத்தில், இதயத்தின் குறுக்குவெட்டு, மண்ணின் அடுக்குகள் என்று வரையும் வேலை கிடைத்துப் போனார். கடைசி நாளும் படியிறங்கித் தண்ணீர் ஊற்றினார். செடி அதற்கு முன்பே பட்டுப்போயிருந்தது. அதை அப்போதுதான் கவனித்தேன். வெறும் மண்ணில்தான் ஊற்றினார்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத் தொலைபேசியில் என்னைக் கேட்டார். "எழுத்து, என் மேசை இழுப்பறைச் சாவி மைப்புட்டிக்கு அடியில இருக்கு. பிரஷ் எல்லாம் பென்சிலுக்குக் குடுத்துடுங்க. அடியில ஒரு பழுப்புக் கவர் இருக்கும். அதை நீங்க வச்சிருங்க. வீட்டுக்கு மட்டும் கொண்டு வந்துடாதீங்க."

"எப்போ வாங்கிக்கிறீங்க?"

"கேட்கும்போது குடுங்க."

கேட்கவேயில்லை. நான் அதைப் பிரிக்காமல் நான்கு வருஷம் வைத்திருந்தேன். போன வருஷம் அக்காவின் அம்மா இறந்துபோனார். விசாரிக்கப் போனபோது பூதக்கண்ணாடி நாற்காலியிலேயே இருந்தது. கிளம்பும்போது கவரை அக்காவிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "இன்னும் படிக்கலையா?" என்றார். "இனிமே படிக்கலாம். எங்க வேணாலும் எழுதலாம்."

உள்ளே ஒரே ஒரு தாள். தூரத்து ஊரின் பொது மருத்துவமனை அனுப்பிய கடிதம், அலுவலக விலாசத்துக்கு, அக்காவின் பெயருக்கு. செங்கல் லாரி கவிழ்ந்து கொண்டுவரப்பட்ட இளைஞர். ஊர், பெயர் தெரியாது. அடையாளம், மேல் வரிசையில் இடப்பக்கக் கோரைப்பல் பாதி உடைந்தது. உரிமை கோர யாரும் வராததால் அடக்கம் செய்யப்பட்டது. உடைமைகள்: சட்டை ஒன்று, சீப்பு ஒன்று, சித்திரக்கதைப் புத்தகம் ஒன்று, ஏழாம் இதழ். அதன் உள்ளட்டையில் 'மை' என்ற சொல்லுக்கு எதிரே இருந்த பெயர் பேனாவால் அடிக்கோடிடப்பட்டிருந்ததால் அந்த நபருக்கு எழுதுகிறோம் என்றிருந்தது.

பழைய இதழ்களை எடுத்துத் தேதியைப் பார்த்தேன். அந்தக் கடிதம் எழுதப்பட்டுப் பதினெட்டு நாள் கழித்துத்தான், அக்கா பல்லை உடைத்த ஒன்பதாம் இதழ் வெளிவந்திருக்கிறது.